சொல்லக்கூடாத ஊர்

நர்ஸ் இல்லைங்க நான். இந்தப் பையைப் பார்த்துட்டு பஸ்ல எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. உள்ள பிரஷர் பாக்குற மிஷின் இருக்கு, வாஸ்தவம். ஆனா நர்ஸ் இல்ல. பி.ஏ. ஹிஸ்டரி படிச்சவ. ஒரு ஆராய்ச்சி ஆபீஸ்ல மூணரை வருஷம் களப்பணியாளரா இருந்தேன். பேரு வேலுத்தாய். இந்தப் பக்கத்துல வேலுத்தாய்னு கேட்டா யாருக்கும் தெரியாது. பிரஷர்க்கான்னு கேட்டா வீட்டுக்கு வீடு தெரியும்.

நீங்க கடைசி ஸ்டாப்புக்கா? சரி சரி. நான் முள்ளிச்செவல்ல இறங்கணும். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சும்மா உட்கார்ந்தா மனசு கண்டதையும் நினைக்குது. அதனாலதான் பேசிட்டே வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

அது என்ன ஆராய்ச்சின்னா, மாரடைப்பு எப்படி வருது, வராம எப்படிப் பாத்துக்கிறதுன்னு கிராமத்து ஜனங்களுக்குப் பாடம் மாதிரி சொல்லிக் குடுத்தா சாவு குறையுமா குறையாதா, அதைக் கண்டுபிடிக்கணும். அதுக்கு ரெண்டு ஊரை எடுத்தாங்க. ஒண்ணு பூவாணிப்பட்டி, இன்னொண்ணு முள்ளிச்செவல். ரெண்டும் ஒரே மாதிரி ஊரு. விறகை மண்ணு போட்டு மூடி எரிச்சுக் கரியாக்குற கரிமூட்டம், ஆடு, கொஞ்சம் பருத்தி. அதே பீடி, அதே கருவாடு, அதே சேவு.

பூவாணிப்பட்டிக்கு வாராவாரம் ஆள் போவாங்க. படம் காட்டுவாங்க. உப்பைக் குறைச்சு எப்படிச் சமைக்கிறதுன்னு சமைச்சே காட்டுவாங்க. பீடியை விடுறது எப்படி, பிரஷர் மாத்திரையை ஏன் விடக்கூடாது, நெஞ்சு அடைச்சா வாயுன்னு சோடா குடிக்காம உடனே 108ஐக் கூப்பிடணும், இப்படி அம்புட்டும் சொல்லுவாங்க. பதினாறு பக்கத்துல ஒரு புத்தகமும் குடுத்தாங்க. நல்ல புத்தகம். கலர்ல படம் போட்டது.

முள்ளிச்செவலுக்கு எதுவும் கிடையாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா நான் மட்டும் போவேன். பிரஷர் பாக்கணும், எடை பாக்கணும், இடுப்பை அளக்கணும். நம்பரை ஒரு சீட்டுல எழுதிக் கையில குடுக்கணும். நூத்தி எண்பதுக்கு மேல போச்சுன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லலாம். அதுக்குக் கீழ இருந்தா வாயைத் திறக்கக்கூடாது.

அது எப்படிங்கன்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டேன். எங்க சூப்பர்வைசர் எபனேசர் சார் பொறுமையா உட்கார வச்சுச் சொன்னார். "ரெண்டு ஊர்லயும் சொல்லிட்டா வித்தியாசம் தெரியாதும்மா. வித்தியாசத்தைக் காட்டுனாத்தான் நாளைக்கு நூறு ஊருக்கு இது போகும். கடைசியில முள்ளிச்செவலுக்கும் சொல்லிக் குடுக்கத்தான் போறோம். மூணு வருஷம், அம்புட்டுத்தான்." அதுல என்ன தப்பு சொல்லுங்க? படிச்சவங்க யோசிச்சுப் போட்ட விதி. கூட வேலை பார்த்த பிள்ளைக டீ குடிக்கிற இடத்துல உளறிரும். நான் ஒரு வார்த்தை விட்டதில்லை. வேலுத்தாய் மாதிரி வாயைக் கட்டி வேலை பாக்க ஆளில்லைன்னு சாரே சொல்லுவார்.

ஆனா ஒரு விஷயத்தை நான் ஆபீஸ்ல சொல்லல. என் கூடப் பிறந்த தங்கச்சி சண்முகத்தாயை முள்ளிச்செவல்லதான் கட்டிக் குடுத்திருக்கு. சொன்னா வேற ஊருக்கு மாத்திருவாங்க. அவ வீட்டுக்காரர் காளிராஜ், கரிமூட்டம் போடுறவர். என்னை மதினி மதினின்னு மரியாதையா இருப்பார்.

அவங்களுக்குப் பக்கத்து வீடு பாக்கியம். ஒரே சுவர்தான். பாக்கியம் வீட்டுக்காரர் சீமைச்சாமியும் காளிராஜும் சேர்ந்தேதான் மூட்டம் போடுவாங்க. விறகு வெட்டுறதுல இருந்து கரி அள்ளுற வரைக்கும் ஒண்ணாத்தான் திரிவாங்க. அந்த ஊர்ல எனக்கு எல்லாம் பாக்கியம்தான். நான் போனதும் அவ வீட்டுல இருந்து சேர் வந்துரும். செம்புல தண்ணி வந்துரும். வீடு வீடாப் போய், "பிரஷர்க்கா வந்திருக்காக, கை நீட்ட வாங்க"ன்னு ஆளைக் கூட்டியாந்துருவா. அவ இல்லைன்னா அந்த ஊர்ல முந்நூறு பேரை நான் அளந்திருக்க முடியாது.

நாலாவது தடவை போனப்ப காளிராஜுக்கு நூத்தி அறுபத்தி நாலுக்கு நூத்தி ரெண்டு. அடுத்து உட்கார்ந்தது சீமைச்சாமி. நூத்தி அறுபத்தி ஆறுக்கு நூறு. எனக்கு நம்பர் மறக்காது. அந்த ஊர்ல எல்லார் நம்பரும் எனக்கு இன்னும் மனப்பாடம்.

பாக்கியம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டா. "ஏக்கா, இது நல்ல நம்பரா, கெட்ட நம்பரா?"

"எனக்குச் சொல்லத் தெரியாதும்மா"ன்னேன்.

தெரியாதுன்னு சொன்னது பொய்தான். ஆனா விதி அதுதானே.

பாருங்க, நானும் மனுஷிதான். தங்கச்சி புருஷனாச்சே. அடுத்த வாரம் பூவாணிப்பட்டிக் கட்டுல இருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பையில போட்டுட்டு, லீவு நாள்ல தங்கச்சி வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு பக்கமா விளக்குனேன். உப்பைக் குறைக்கச் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை சும்மாவே குடுக்குறாங்க, ஒரு நாள் விடாம முழுங்க வைன்னேன். புத்தகத்தை டிரங்குப் பெட்டிக்கு அடியில வைக்கச் சொன்னேன். புருஷன்கிட்டகூட நான் சொன்னதாச் சொல்லாதே, டாக்டர் சொன்னதாச் சொல்லுன்னேன்.

அவ கேட்டா, "பாக்கியத்துக்கு மட்டும் சொல்லிக்கிறட்டுமாக்கா? சீமைச்சாமி அண்ணனுக்கும் இதே நம்பர்தானே."

"அவகிட்டச் சொன்னா ஊருக்கே சொல்லுவா. என் வேலை போயிரும்"னேன். அவ முகத்தைப் பார்த்தா நம்பிக்கை வரல. வெள்ளந்தி அவ. அதனால காளிராஜ் மேல சத்தியம் வாங்குனேன். புருஷன் மேல சத்தியம் பண்ணாத்தான் வாயைக் கட்டுவான்னு எனக்குத் தெரியும். பண்ணுனா.

ஒரு வருஷத்துல காளிராஜுக்கு நூத்தி முப்பத்தி ஆறுக்கு வந்துருச்சு. பீடியையும் விட்டுட்டார். சீமைச்சாமிக்கு நூத்தி எழுபத்தி ரெண்டு. ரெண்டையும் நான்தான் அடுத்தடுத்த வரியில எழுதுனேன். காளிராஜ் மாதிரி ஒரு ஆளுக்குத் திடீர்னு குறைஞ்சதை யாராவது கேப்பாங்களோன்னு பயமா இருந்துச்சு. யாரும் கேக்கல.

போன சித்திரையில நடந்ததைச் சொல்றேன். அன்னைக்கு ஆபீஸ்ல வருஷாந்திரக் கூட்டம். வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆள் வந்திருந்தாங்க. சிறந்த களப்பணியாளர்னு எனக்கு ஷீல்டு தர்றதாச் சொல்லியிருந்தாங்க. புதுச் சேலை கட்டிட்டு ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருக்கேன். பதினோரு மணி இருக்கும். தங்கச்சி போன் பண்ணா. எடுக்கல. திருப்பிப் பண்ணா. சரின்னு வராண்டாவுக்கு வந்து எடுத்தேன்.

"அக்கா, சீமைச்சாமி அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. வேர்த்து ஊத்துது. இடது கை குடையுதுங்காரு. பாக்கியம் வாயுன்னு சொல்லி சோடா வாங்க ஆள் விட்டிருக்கா. புத்தகத்துல ஆறாம் பக்கத்துல இருக்கே, அப்படியே இருக்குக்கா. நான் போய்ச் சொல்லட்டுமா?"

உள்ள மைக்குல ஒவ்வொரு பேரா வாசிச்சிட்டிருக்காங்க.

நான் வேணாம்னு சொல்லலைங்க. நல்லாக் கேட்டுக்கோங்க, வேணாம்னு நான் சொல்லவே இல்ல. "பத்து நிமிஷம் பொறு, நானே கூப்பிடுறேன்"னுதான் சொன்னேன். பத்து நிமிஷம்தான் ஆகும்னு நினைச்சேன். ஷீல்டு குடுத்துட்டு, வந்தவங்க ஒவ்வொருத்தரும் இங்கிலீஷ்ல பேசுனாங்க. அப்புறம் போட்டோ. நடுவுல எந்திரிச்சு எப்படி வர்றது சொல்லுங்க. முக்கால் மணி நேரம் ஆயிருச்சு. வெளிய வந்து கூப்பிட்டேன். எடுத்தா, பேசல. பின்னாடி பொம்பளைக அழுற சத்தம் கேட்டுச்சு. அப்படியே வச்சுட்டேன்.

ஆட்டோவுல ஏத்தி, ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள போயிருச்சாம். நாப்பத்தி ரெண்டு வயசு.

பேர் ஊர் சொல்லாம எங்க டாக்டர்கிட்டக் கேட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தா பிழைச்சிருக்க வாய்ப்பு உண்டுன்னார். வாய்ப்புன்னுதானே சொன்னார். பிழைச்சிருப்பார்னு சொல்லலையே.

அதுக்கப்புறம் ஒரு வேலை பாக்கி. யார் இறந்தாலும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு படிவம் நிரப்பணும். எதுல இறந்தாங்கன்னு தெரியணும்ல. பதினாறு கழிஞ்சதும் போனேன். பாக்கியம் மூலையில உட்கார்ந்திருந்தா. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சுப் போய் அந்தச் சேரைக் கொண்டாந்து போட்டா. நான் கேள்வியை வாசிச்சேன். நெஞ்சு வலி இருந்துச்சா? இருந்துச்சு. வலி இடது கைக்குப் பரவுச்சா? பரவுச்சு. வேர்த்துச்சா? வேர்த்துச்சு. மூச்சு வாங்குச்சா? வாங்குச்சு. ஒவ்வொண்ணுக்கும் டிக் போட்டேன்.

அவ என் முகத்தையே பார்த்தா. "என்னக்கா, பக்கத்துல இருந்து பார்த்த மாதிரியே கேக்குறீக."

"எல்லா வீட்டுலயும் இதே கேள்விதாம்மா கேப்போம்"னேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுச்சு. கேள்வி கேக்கக் கேக்க அந்தச் சத்தம் நின்னுபோச்சு. அவ வீட்டுக்குப் போய்ப் பார்த்தா கதவு சாத்தியிருக்கு. சித்திரையில இருந்தே அவ என்கிட்டப் பேசுறதில்ல. யாருக்காக நான் விதியை மீறுனேன்? அவளுக்காக. அதை நினைச்சுப் பார்த்தாளா?

ஆடி மாசம் ஆராய்ச்சி முடிஞ்சுது. மாரடைப்புல இறந்தவங்க பூவாணிப்பட்டியில நாலு, முள்ளிச்செவல்ல பதினொண்ணு. பெரிய டாக்டர் பேப்பரைப் பார்த்துட்டு, வித்தியாசம் தெளிவாத் தெரியுதுன்னார். என் ஏட்டுல ஒரு தப்புகூட இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். இனிமே முள்ளிச்செவலுக்கும் சொல்லிக் குடுக்கலாம்னு உத்தரவு வந்துருச்சு. ஜனங்க எனக்குத்தான் பழக்கம், அதனால என்னையே அனுப்புனாங்க.

சந்தோஷமாப் போனேங்க. இனி வாயைக் கட்ட வேண்டியதில்ல, அம்புட்டையும் சொல்லலாம். சமுதாயக் கூடத்துல எழுபது எண்பது பேர் வந்துட்டாங்க. பாக்கியமும் வந்தா. சேரைத் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்து போட்டுட்டு முன்னாடியே உட்கார்ந்தா. தங்கச்சி பின்னாடி தூணோரமா இருந்தா. காளிராஜ் ஆம்பளைகளோட ஜன்னல்கிட்ட நின்னுட்டிருந்தார்.

புத்தகத்தை ஆளுக்கொண்ணு குடுத்துட்டுப் பக்கம் பக்கமா வாசிச்சேன். உப்பு, எண்ணெய், பீடி எல்லாம் சொன்னேன். ஆறாம் பக்கம் வந்தப்ப பாக்கியம், "திருப்பாதீகக்கா"ன்னா. அந்தப் பக்கத்துல ஒரு ஆளு நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்பார். நெத்தியில வேர்வை. இடது கையில சிவப்புக் கோடு. பக்கத்துல சோடா பாட்டில் போட்டு அது மேல பெருக்கல் குறி.

விரலை வச்சுத் தடவிப் பார்த்தா. அப்புறம் கேட்டா. "இது எப்ப வந்த புத்தகம்?"

"இப்பதாம்மா. போன வாரம்தான் வந்துச்சு"ன்னேன். அவ மனசு நோகக்கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்.

பின்னாடி தங்கச்சி எந்திரிச்சு வெளிய போனா. கோவிச்சுட்டுப் போறான்னு நினைச்சேன். அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்தா. கையில அந்தப் பழைய புத்தகம். ஓரமெல்லாம் மஞ்சள் கறை. அதைப் பாக்கியம் மடியில வச்சுட்டு, நின்னுக்கிட்டே பேசுனா. சத்தமாக்கூடப் பேசல.

"இது ஒன்றரை வருஷமா எங்க வீட்டுல இருக்கு. அக்காதான் குடுத்தா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இவர் மேல சத்தியம் வாங்குனா. அன்னைக்கு அண்ணனைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்லட்டுமான்னு போன் பண்ணிக் கேட்டேன். பத்து நிமிஷம் பொறுன்னா. பொறுத்தேன். சொன்னா இவருக்கு எதுவும் ஆயிருமோன்னு பயந்து சுவத்துக்கு இந்தப் பக்கமே நின்னேன் பாக்கியம்."

யாராவது வைவாங்க, அடிக்க வருவாங்கன்னு பார்த்தேன். எவரும் அசையல. காளிராஜ் என்னைப் பாக்கல, சீமைச்சாமி வழக்கமா உட்கார்ற இடத்தைப் பார்த்துட்டிருந்தார்.

பாக்கியம் ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆறாம் பக்கத்தைப் பார்த்தா. அப்புறம் சொன்னா, "மிச்சத்தையும் வாசிங்க."

"இன்னொரு நாள் வர்றேம்மா"ன்னேன்.

"இல்ல. இவுக அம்புட்டுப் பேருக்கும் தெரியணும். வாசிங்க."

வாசிச்சேன். இன்னும் பத்துப் பக்கம் இருந்துச்சு. தொண்டை வறண்டு போச்சு. ஒருத்தரும் தண்ணி குடுக்கல. ஒருத்தரும் எந்திரிச்சும் போகல. ரெண்டு இடத்துல பாக்கியம், "அதை இன்னொரு தடவை"ன்னா. வாசிச்சேன். முடிஞ்சதும் அவ சேரைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டுப் போயிட்டா. நான் நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன்.

ஆபீஸ்லயும் தெரிஞ்சு போச்சு. வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. எதுக்குத் தெரியுமா? தங்கச்சிக்குச் சொன்னதுக்கு. மத்தவங்களுக்குச் சொல்லாததுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. அதைத்தான் உங்களுக்கும் சொல்றேன், அதுல நான் விதிப்படிதான் நடந்திருக்கேன்.

எனக்கு இருக்கிற கவலையெல்லாம் காளிராஜைப் பத்தித்தான். அந்த மறுநாள்ல இருந்து மாத்திரையை நிறுத்திட்டார்னு அந்த ஊர் டீக்கடைக்காரர் சொன்னார். இந்த மிஷினை என் சொந்தக் காசுல வாங்கிட்டு, மூட்டம் போடுற இடத்துக்கே போனேன். புகையில தனியா நின்னு மண்ணு தள்ளிட்டிருக்கார். வாயில பீடி.

"தம்பி, கையை மட்டும் நீட்டுங்க. அளந்துட்டுப் போயிர்றேன்"னேன்.

கையை நீட்டல. "அவனுக்குக் கிடைக்காததை ஒன்றரை வருஷமா நான் முழுங்கியிருக்கேன் மதினி. இனி தொண்டையில இறங்காது. நீங்க போங்க."

மறுபடியும் ரெண்டு தடவை போனேன். கடைசியாப் போனப்ப தோள்பட்டையை நீவி விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்துப் போய் இருந்துச்சு. அதுவும் பத்து நாளாச்சு. எனக்கு ஒண்ணு தோணுது, சொல்றேன். புருஷன் மேல பண்ணுன சத்தியத்தை அவ மீறியிருக்கக் கூடாது. அது சும்மா விடுமா?

இன்னைக்குக் காலையில தங்கச்சி போன் பண்ணா. பத்து மாசம் கழிச்சு. "அக்கா, கிளம்பி வா"ன்னா. என்ன ஏதுன்னு கேக்குறதுக்குள்ள வச்சுட்டா. அதுல இருந்து நானும் கூப்பிட்டுட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கிறா. 108க்குச் சொல்லுவமான்னு ஒரு யோசனை வந்துச்சு. என்னன்னே தெரியாம எப்படிச் சொல்றது? போய்ப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு பஸ் ஏறிட்டேன்.

ஏன் பஸ்ஸை ஓரங்கட்டுறார்? எதுக்க ஏதோ வண்டி வருது போல. ஆம்புலன்ஸுங்க. சைரன் போட்டுத்தான் வருது, கேக்குதுல்ல உங்களுக்கும்? சத்தம் போட்டு வந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம். இந்த ரோட்டுல கடைசி ஸ்டாப்பை விட்டா மிச்ச ஊரு முள்ளிச்செவல் ஒண்ணுதான்.

இருங்க, போன் அடிக்குது. தங்கச்சிதான்.

சொல்லு சண்முகத்தாயி. ஆமா, பஸ்லதான். இப்பதான் தாண்டுது. ம். ம். யாரு? சரி. சரி, நான் ஒண்ணும் பேசல. சரி.

காளிராஜ்தாங்க. பாக்கியம்தான் பார்த்திருக்கா. விறகு எடுக்கப் போனவ, அவர் நெஞ்சைப் பிடிச்சுட்டு வரப்புல உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்திருக்கா. வேர்வையைப் பார்த்ததும் ஒருத்தர்கிட்டயும் கேக்கலையாம், நின்ன இடத்துலயே 108ஐக் கூப்பிட்டுட்டா. அதுக்கப்புறம்தான் ஓடி வந்து தங்கச்சிக்குச் சொல்லியிருக்கா. எனக்குப் போன் வந்தது அதுக்கும் அப்புறம். தூரத்துல இருந்து வண்டி வந்து சேரத்தான் நேரமாயிருச்சாம். வண்டிக்குள்ள பாக்கியமும் இருக்காளாம். அவர் கண்ணை மூடவிடாம பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே வர்றாளாம். பிழைப்பாரான்னு இப்பச் சொல்ல முடியாதுன்னு வண்டியில இருக்கிறவர் சொன்னாராம்.

பார்த்தீங்களா, நான் வாசிச்சது வீண் போகல. ஆறாம் பக்கத்துல இருக்கிறதை வார்த்தைக்கு வார்த்தை செஞ்சிருக்கா. ஆபீஸ்ல இதையெல்லாம் யாரு எழுதப் போறாங்க?

கண்டக்டர், இங்கனயே இறக்கி விடுங்க. எதுத்தாப்புல பஸ் எத்தனை மணிக்கு?

இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு வாக்கா, ஆனா பாக்கியம் கண்ணு முன்னாடி வந்து நிக்காதேன்னு தங்கச்சி சொல்லிட்டா. போகாமலும் இருக்க முடியாது. அங்க போய் எங்க நிக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியல.